உடற்கொழுப்பும் கருவிகளின் கணக்கும்

உடல் எடையைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் கூறக் கேட்டு, நாள்தோறும் நடந்தும் உணவைச் சுருக்கியும் வருகின்றவர்கள் இன்று நம் ஊர்களில் பலர். அவர்களுள் ஒரு சாரார் எடையை மட்டும் பார்த்து அமைவதில்லை. உடலில் கொழுப்பு எத்தனை பங்கு என்று காட்டும் தராசையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கின்றனர். அதன்மேல் நின்றால் எடை ஓர் எண்ணாகவும், கொழுப்பு நூற்றுக்கு இத்தனை என்று மற்றோர் எண்ணாகவும் தோன்றுகின்றன. இரண்டும் சேர்ந்து இறங்கினால் மகிழ்ச்சி. எடை இறங்கக் கொழுப்பின் பங்கு ஏறிவிட்டாலோ மனம் தளர்ந்துவிடுகிறது. “இத்தனை பாடுபட்டும் கொழுப்பு கரையவில்லையே” என்று நடையையே கைவிடுவோரும் உண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடைய ஒருவர் இவ்வாறு கைவிடுவது சிறிய இழப்பன்று. ஆதலின் அவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எவ்வளவு நம்பலாம், எவ்வாறு படிக்க வேண்டும் என்பனவற்றை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். இங்கே நான் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் கணக்கின் பகுதியே.

எடையே போதாதா, கொழுப்பைத் தனியே அளப்பானேன் என்று முதலில் ஒரு கேள்வி எழும். அதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி என்பாரும் அவருடைய துணைவரும், அந்நாட்டு முறைக் கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர் 25 பேரைச் சோதித்தனர். அக்காலத்து எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் மிகை எடையால் படைப்பணிக்குத் தகாதவர் என்று ஒதுக்கப்பட வேண்டியவர். ஆராய்ந்து பார்த்தபோதோ, அவர்களுடைய எடையை மிகுவித்தது தசையே என்பது விளங்கிற்று. மற்றொரு சான்று நம் நாட்டைச் சேர்ந்தது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் தங்களையே சான்றாகக் காட்டி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். கிலோவில் கண்ட எடையை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் ‘உடல் நிறைக் குறியீடு’ இருவருக்கும் 22.3 தான். ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரரான இலண்டன் மருத்துவரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, புனே மருத்துவரின் உடலில் 21.2. மெலிந்து தோன்றும் இந்திய உடலில் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதை இவ்வொரு படம் உலகுக்கு உணர்த்தியது. எனவே கொழுப்பை அறிய விரும்புவது வீண் ஆசையன்று. அறியும் வழியில்தான் இடர்ப்பாடு இருக்கிறது.

உயிரோடிருக்கும் மனிதனின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தராசில் இட முடியாது. ஆகவே எந்த முறையும் கொழுப்பை நேராக அளப்பதில்லை. வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. பாழுங் கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை கேட்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பதைப் போன்றது இது. கணக்குச் சரியாக இருக்கலாம். ஆயினும் நாம் கண்டது ஓசையை, ஆழத்தை அன்று.

இம்முறைகளுள் நெடுங்காலம் உரைகல்லாக விளங்கியது நீருக்குள் நிறுத்தல். மனிதனை வெளியிலும், பின் மூச்சை விடச் செய்து நீருள் முழுகவைத்தும் நிறுத்தால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அவன் உடலின் அடர்த்தி தெரியும். கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய ஏனைய உடற்பகுதியின் அடர்த்தி 1.1 கிராம் என்று கொள்வர். 1950களில் வில்லியம் சிரி என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் வகுத்தார். அவர் 1963ஆம் ஆண்டின் அமெரிக்க எவரெஸ்ட் பயணத்தில் துணைத் தலைவராகவும் இருந்தவர். 495ஐ அடர்த்தியால் வகுத்து, அதிலிருந்து 450ஐக் கழித்தால் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்பது கிடைக்கும். அடர்த்தி 1.05 ஆனால் விடை 21.4, 1.04 ஆனால் 26. அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபட்டால் விடையில் ஏறத்தாழ 5 வேறுபடுகிறது! நுரையீரலில் எஞ்சிய காற்றைச் சிறிது பிழையாக மதிப்பிட்டாலும் கணக்குத் தடுமாறும். முதுமையில் எலும்பு அடர்த்தி குன்றியவருக்கு 1.1 என்ற எண்ணே பொருந்தாது போகும். உரைகல்லின் நிலையே இதுவானால் வீட்டுத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இடுக்கி போன்ற கருவியால் தோலை மடித்துப் பிடித்து அதன் தடிப்பை அளப்பது இரண்டாவது முறை. 1974ஆம் ஆண்டில் டர்னின், வொமர்ஸ்லி என்னும் இருவர் கிளாஸ்கோ நகரத்தில் ஆடவரும் பெண்டிருமாக 481 பேரை அளந்து வகுத்த அட்டவணை இன்றும் வழக்கில் உள்ளது. மேற்கையின் முன்புறம், பின்புறம், தோட்பட்டையின் கீழ், இடுப்பெலும்பின் மேல் ஆகிய நான்கு இடங்களில் மடிப்பை அளக்க வேண்டும். பிடிப்பவர் மாறினால் அளவும் மாறும். தோலுக்கு அடியில் உள்ளதையே இது காண்கிறது. வயிற்றின் உள்ளே குடலைச் சூழ்ந்த கொழுப்பைக் காண்பதில்லை.

இனி, வீட்டுத் தராசுக்கு வருவோம். வெறுங்காலோடு அதன் உலோகத் தகடுகளின்மேல் நின்றால், நாம் உணராத அளவு சிறிய மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. நீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும். கொழுப்பு கடத்துவது அரிது. தராசு அறிவது மின்தடை ஒன்றையே. உயரம், வயது, ஆணா பெண்ணா என்பவற்றை நாம் முன்னரே அதற்குச் சொல்லியிருக்கிறோம். அவற்றையும் எடையையும் மின்தடையோடு சேர்த்துச் சூத்திரத்தில் இட்டு ஒரு விடையைச் சொல்கிறது. அச்சூத்திரமோ எங்கோ ஒரு மக்கட் கூட்டத்தை அளந்து வகுத்தது. மின்னோட்டமும் பெரும்பாலும் கால்களின் வழியே செல்வதால், நாம் கவலைப்படும் வயிற்றைப் பற்றி அது அறிவது சிறிது. உடலில் நீர் குறைந்தால் மின்தடை கூடும். தராசு அதையும் கொழுப்பென்றே எண்ணும். காலையில் ஒன்றும், உண்டபின் ஒன்றும், மாலையில் ஒன்றுமாக அது சொல்வது இதனாலேயே. இதயத்தில் ‘பேஸ்மேக்கர்’ பொருத்தப்பெற்றோர் இக்கருவியில் ஏறலாகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மருத்துவமனைகளில் இருவேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, ஏனைய தசைப்பகுதி என்று பிரித்துக் காட்டும் முறையும் உண்டு. மற்றவற்றினும் நம்பத்தக்கது, செலவு மிக்கது. அதிலும் ஒரு நிறுவனத்தின் கருவிக்கும் மற்றொன்றின் கருவிக்கும் சிறு வேறுபாடு உண்டு.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் என் நண்பர். இரத்தத்தில் சர்க்கரை கூடியதால் எடையைக் குறைக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் எடை 82 கிலோ. வீட்டுத் தராசு கொழுப்பை நூற்றுக்கு 32 என்றது. இரண்டு திங்கள் கழித்து எடை 78 ஆயிற்று. கொழுப்போ நூற்றுக்கு 33! ஐயம் தீர உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்றார். அங்கே கையில் பிடிக்கும் கருவி 29 என்றது. அதே வாரத்தில் எக்ஸ் கதிர்ச் சோதனை 36 என்றது. “எது மெய்? நான் இளைத்தேனா, கொழுத்தேனா?” என்று தாள்களோடு என்னிடம் வந்தார்.

மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் வந்தவை. காலால் அளந்ததும், கையால் அளந்ததும், எக்ஸ் கதிரால் அளந்ததும் ஒத்துப்போக வேண்டுமென்று எதிர்பார்ப்பதே பிழை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, ஏறிற்று, இறங்கிற்று என்று கூறலாகாது. ஆகவே ஒரே தராசு சொன்ன 32ஐயும் 33ஐயும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இங்கே எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று உதவுகிறது. ஒரு பள்ளியில் 100 பேர் தேர்வெழுதி 30 பேர் தவறினர். மறு ஆண்டு 90 பேர் எழுதி 28 பேர் தவறினர். தவறியோர் தொகை குறைந்தது; ஆனால் விகிதம் நூற்றுக்கு 31க்கு மேல் ஏறிவிட்டது. விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. மேலுள்ள எண்ணும் கீழுள்ள எண்ணும் சேர்ந்தே மாறும்போது விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். நண்பரின் கணக்கையும் கிலோவாக மாற்றினோம். 82 கிலோவில் நூற்றுக்கு 32 என்றால் 26.2 கிலோ கொழுப்பு. 78 கிலோவில் நூற்றுக்கு 33 என்றால் 25.7 கிலோ. அத்தராசின் வாய்மொழிப்படியே கொழுப்பு அரைக் கிலோ குறைந்திருக்கிறது, கூடவில்லை. தராசு நூற்றுக்கு 3 அளவு தவறியிருக்குமானால் அது மட்டுமே 2.3 கிலோவுக்குச் சமம். அவ்வாறாயின் மெய்யாகக் குறைந்த கொழுப்பு மூன்று கிலோவுக்கு அருகிலும் இருக்கலாம்.

மற்ற எடை எங்கே போயிற்று? உணவைக் குறைத்த முதல் வாரங்களில், கல்லீரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அது செல்லும்போது நீரும் செல்கிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததென்று களிப்பவர் இழந்தது பெரும்பாலும் இந்த நீரையே. நீர் குறைந்ததைத் தராசு கொழுப்பு கூடியதாகப் படிப்பதும் அப்போதுதான். உணவு முறை தளர்ந்த மறுநாளே ஒன்றரைக் கிலோ ஏறுவதும் நீரால் வந்ததே. ஒரு நாள் விருந்தில் அத்தனை கொழுப்பு சேர்ந்துவிடாது.

கொழுப்பு மெல்லவே கரையும். உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் ஒரு கிலோவுக்குப் பதினைந்து நாள் ஆகும்; ஒரு திங்களில் இரண்டு கிலோ. 82 கிலோ எடையுள்ளவருக்கு அது நூற்றுக்கு 32 என்பதை 30.3 ஆக்கும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் தராசு காட்டும் வேறுபாடே அவ்வளவு இருக்கக்கூடும். ஒரு திங்களின் உழைப்பை, ஒரு நாளின் தடுமாற்றத்தைக் கொண்டு மதிப்பிடுவது முறையாகுமா?

எனினும், பிழை எல்லாம் கருவியினுடையதே என்று அமைந்துவிடவும் கூடாது. பட்டினி கிடந்தோ, கஞ்சியை மட்டும் குடித்தோ எடையைக் குறைப்பவர் தசையையும் சேர்த்தே இழக்கின்றனர். அறுபதைக் கடந்தோருக்கு இழந்த தசையை மீட்பது எளிதன்று. நடையோடு, நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்தல், சிறு சுமை தூக்கல் போன்ற வலுவூட்டும் பயிற்சியும், பருப்பு, பயறு, பால், முட்டை போன்ற புரத உணவும் வேண்டும். சிறுநீரக நோயுடையோர் புரதத்தின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதற்குச் சில விதிகளைக் கொள்ளலாம். முதலாவது, எடையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன் பார்த்து அவ்வாரத்தின் சராசரியை எழுதுக. இரண்டாவது, கொழுப்பு எண்ணைத் திங்களுக்கு ஒருமுறை மட்டும், அதே கருவியில், அதே வேளையில் பார்க்க. மூன்று திங்கள் சேர்ந்த பின்னரே அது செல்லும் திசையைப் பற்றிப் பேசுக. மூன்றாவது, விகிதத்தைக் கிலோவாக மாற்றியே ஒப்பிடுக. நான்காவது, தையற்காரர் நாடா ஒன்றை வாங்கிக்கொள்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் சுற்றி அளக்க. நம் நாட்டு ஆடவருக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிருக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம் என்பர். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பெரிதும் துணைபோவது வயிற்றுக் கொழுப்பே. அதை வீட்டுத் தராசைவிட இந்த நாடா நன்கு அறியும்.

என் நண்பரின் இடுப்பு அவ்விரண்டு திங்களில் 102லிருந்து 97 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தது. வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரையும் தணிந்திருந்தது. இவ்விரண்டையும் அவர் தாளின் மூலையில் குறித்து வைத்திருந்தார், ஆனால் பொருட்படுத்தவில்லை. மருத்துவர் அவரை எடை குறைக்கச் சொன்னது தராசின் எண்ணை அழகாக்குவதற்கு அன்று, சர்க்கரையைத் தணிப்பதற்கு. அந்தக் காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது. கணக்கை முடித்து எழுந்தபோது, மறுநாள் காலை நடைக்குத் தம்மோடு வருமாறு என்னை அழைத்தார்.

ஆண்டு முழுதும் ஊக்கத்தோடு படித்த மாணவனை ஒரு நாள் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு தள்ளிவிடும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்பதில்லை. தம் உடலுக்குத் தாமே ஆசிரியராக அமைந்தவர்களும் அந்தப் பொறுமையைத் தமக்குக் காட்டிக்கொள்ள வேண்டும். கருவிகளை வாங்குக, அளக்க, எழுதி வைக்க. ஒரு நாள் எண்ணைக் கண்டு நடையை மட்டும் நிறுத்தாதிருக்க.