முன் ஜென்மப் பாவமா? குத்தூசியா?

(ஒரு சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



துன்பத்திலும் தளராத மனவுறுதி என்பதைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தார் கேட்டுக் கொண்டார்கள். புராணக்காரர்கள் இதைப் பற்றி ஏராளமாகப் பேசியிருக்கிறார்கள். சுடுகாடு காத்த அரிச்சந்திரனைச் சொல்லுவார்கள். காட்டில் திரிந்த நளனைச் சொல்லுவார்கள். கடைசியில் போனதெல்லாம் திரும்பி வந்து விட்டதென்று மங்களம் பாடுவார்கள். திருப்பிக் கொடுக்க மேலே ஒரு ஆசாமி தயாராயிருக்கும்போது கீழே இருப்பவன் உறுதியாயிருந்ததில் என்ன அதிசயம்? யாரும் வராத இடத்தில் மனிதன் என்ன செய்தான் என்பதே நமக்கு வேண்டிய சங்கதி.

இன்று நாம் இங்கு வரும் வழியில், கோயில் வாசலில் ஒரு பையன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். வயது பத்துக்குள்தான் இருக்கும். இரண்டு கண்ணும் தெரியாது. ஒரு அம்மாள் காசைப் போட்டுவிட்டு, "போன ஜென்மத்திலே என்ன பாவம் பண்ணிச்சோ" என்று சொல்லிக் கொண்டே போனார்கள். அந்த அம்மாள் மேல் நமக்குக் கோபமில்லை, இரக்கத்தினால்தான் கொடுத்தார்கள். ஆனால் தோழர்களே, காசோடு கூட ஒரு குற்றப்பத்திரிகையும் அந்தத் தட்டில் விழுந்ததே! கண்தான் தெரியாதேயொழியக் காது நன்றாய்க் கேட்கும் அந்தப் பையனுக்கு. தினம் நூறு பேர் வாயால் தன்னைப் பாவியென்று கேட்டு வளருகிறவனுக்கு உறுதி எங்கிருந்து வரும்?

பிரான்சு தேசத்தில் இவனைப் போல ஒரு பையன் இருந்தான். பெயர் லூயி பிரெய்ல். பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சிற்றூரில் 1809-இல் பிறந்தவன். தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் பையன் பட்டறையில் தோல் குத்தும் ஊசியை எடுத்து விளையாடினான். ஊசி கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் வைத்தது. மற்றக் கண்ணுக்கும் கேடு பரவியது. சில வருஷத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. இதில் முன் ஜென்மம் எங்கே இருக்கிறது? கண்ணைக் கெடுத்தது குத்தூசி. புண்ணை ஆற்றும் மருந்து அன்று உலகத்தில் இல்லை. காரணம் இவ்வளவே. நம் நாட்டிலும் விட்டமின் ஏ இல்லாத சோற்றினாலும், தட்டம்மையினாலும், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து வாங்குவதனால் தொடரும் பரம்பரை நோயினாலும் குழந்தைகளின் கண் போகிறது. முருங்கைக் கீரையாலும் தடுப்பூசியாலும் தீரக்கூடிய காரியத்துக்குக் கர்மம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த ஊர்ப் பாதிரியார் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் சேர்க்கச் செய்தார். பாதிரியாயிற்றே என்று அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் செய்தது ஜெபமல்ல, உபாத்தியாயர் வேலை. 1819-இல் பையன் பாரிசிலுள்ள கண் தெரியாதோர் பள்ளிக்குப் போனான்.

அந்தப் பள்ளி உண்டான கதையையும் கேளுங்கள். 1771-இல் வாலந்தீன் ஆய் என்பவர் ஒரு சந்தையில், கண் தெரியாத சிலருக்குக் கோமாளிக் குல்லாயும் பெரிய அட்டைக் கண்ணாடியும் மாட்டி, கண்டபடி வாத்தியம் வாசிக்க விட்டு ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்தார். அது அவர் மனதை அறுத்துக் கொண்டேயிருந்தது. பிறகு 1784-இல் மாதா கோயில் வாசலில் பிச்சையெடுத்த ஒரு கண் தெரியாத பையனைக் கூட்டிப் போய் எழுத்துக் கற்பித்தார். அதிலிருந்துதான் பள்ளி வந்தது. கோயில் வாசல் எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது!

ஆனால் ஆய் செய்த புத்தகங்கள், சாதாரண எழுத்தையே பெரிதாய்ப் புடைக்க அச்சிட்டவை. தூக்க முடியாத பாரம். ஒவ்வொரு எழுத்தாய்த் தடவிப் படிப்பதற்குள் வாக்கியத்தின் தலைப்பு மறந்து போகும். எழுதவோ முடியவே முடியாது. அப்போது பார்பியே என்ற பட்டாளத்துக்காரர், விளக்கில்லாமல் இருட்டில் படிக்கும் புள்ளி எழுத்து ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை, விரலுக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் பகலில் பாடமும் இரவில் இந்த வேலையுமாய் உட்கார்ந்து, அதை ஆறு புள்ளியாகக் குறைத்தான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. விரல் நுனியை ஒரே தரம் வைத்தால் ஒரு எழுத்து முழுவதும் தெரியும். ஆறு புள்ளியைக் கொண்டு 63 அடையாளங்கள் செய்யலாம். 1824-இல், தன் பதினைந்தாவது வயதில் இதைச் செய்தான். காகிதத்தில் புள்ளி குத்த உதவியதும், அவன் கண்ணைக் குத்தியது போன்ற ஒரு கூர்முனைதான்.

உடனே மாலை போட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1829-இல் புத்தகமாய் வெளியிட்டார். அவரே அங்கு உபாத்தியாயருமானார். ஆனால் பிறகு வந்த தலைமை அதிகாரி, கண்ணுள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கென்று அதைத் தடுத்து விட்டார். பிள்ளைகள் விடவில்லை, ஒளித்து எழுதினார்கள், ஒளித்துப் படித்தார்கள். கண்ணுள்ள அதிகாரிக்குத் தெரியாமல் கண் தெரியாத பிள்ளைகள் படித்தார்களென்றால், யார் குருடர் என்று நீங்களே சொல்லுங்கள். 1844-இல் புதுக் கட்டிடத்தின் திறப்பு விழாவில் எல்லோருக்கும் முன்னால் எழுதியும் படித்தும் காட்டிய பிறகே அங்கீகாரம் வந்தது. இதற்குள் பழைய பள்ளியின் ஈரச் சுவர்களுக்கிடையில் வாழ்ந்த பிரெய்லுக்குக் காசநோய் முற்றிவிட்டது. 1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43-ஆவது வயதில் இறந்தார். அவருடைய எழுத்தைப் பிரான்சு முறையாக ஏற்றது 1854-இல்தான்.

பொறுமையாயிரு, எழுதினபடி நடக்கும் என்று உபதேசிக்கிறவர்கள் அவரை என்ன சொல்லுவார்கள்? அவர் பொறுமையாயிருக்கவில்லை, தன் எழுத்தைத் தானே எழுதிக் கொண்டார். அதோடு, பள்ளிக்கூடம் ஒன்று இருந்ததனால்தான் அவர் அறிவுக்கு வேலை கிடைத்தது என்பதையும் மறந்து விடாதீர்கள். தட்டோடு உட்கார வைத்திருந்தால் எவ்வளவு உறுதியிருந்தும் என்ன பிரயோசனம்?

நம் நாட்டுப் பாஷைகளுக்கெல்லாம் பொதுவாக 1951-இல் புள்ளி எழுத்து வகுக்கப்பட்டது. பிரெய்ல் தன் பாஷையின் முதல் எழுத்துக்கு மேல் மூலையில் வைத்த அதே ஒற்றைப் புள்ளிதான் நம்முடைய 'அ'. 2016-ஆம் வருஷத்துச் சட்டம், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமையென்று சொல்லுகிறது. அந்தப் பையனுக்கு இதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நாம் விசாரித்ததில், அவன் தகப்பனார் சாயங்காலம் வந்து கூட்டிப் போவாராம். கூட்டம் முடிந்ததும் நாம் அங்கே போகிறோம். அவரைத் தெரிந்த தோழர்கள் யாராவது இருந்தால் தயவு செய்து கூட வாருங்கள்.