காந்தத்தில் ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன்

1891 டிசம்பர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். ஒரு காலத்தில் மைக்கேல் ஃபாரடே பயன்படுத்திய பெரிய மின்காந்தம். அதன் முனைகளுக்கு நடுவே ஒரு பாறை உப்புக் கிண்ணம். அதற்குள் திரவ ஆக்சிஜன், வெளிர்நீலமாக. ஜேம்ஸ் டியூவர் மின்சாரத்தைச் செலுத்தியதும் திரவம் துள்ளி எழுந்து காந்த முனைகளில் ஒட்டிக்கொண்டது. ஆவியாகித் தீரும்வரை கீழே இறங்கவில்லை.

ஏன்? அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எலக்ட்ரானே 1897இல்தான் அகப்பட்டது.

1916இல் வேதியியலாளர் லூயிஸ், இரண்டு எலக்ட்ரான்கள் சோடி சேர்ந்தால் ஒரு பிணைப்பு என்றார். பள்ளியில் இன்றும் நாம் போடும் புள்ளிப் படம் அவர் தந்ததுதான். ஆக்சிஜனுக்கு அதில் இரட்டைப் பிணைப்பு அழகாக வந்துவிடும். எல்லா எலக்ட்ரானும் சோடியோடு இருக்கும். சிக்கலும் அங்கேதான்: சோடி சேர்ந்த எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். படம் சரியென்றால் டியூவரின் ஆக்சிஜன் கிண்ணத்தை விட்டு நகர்ந்திருக்கக் கூடாது.

ஹுண்டும் முல்லிக்கனும் 1920களின் இறுதியில் கணக்கை வேறு இடத்திலிருந்து தொடங்கினார்கள். எலக்ட்ரான் எந்த அணுவுக்குச் சொந்தம் என்று பார்க்காமல், மூலக்கூறு முழுவதற்கும் பொதுவான ஆர்பிட்டால்களை, அதாவது எலக்ட்ரான்களுக்கான இருப்பிடங்களை, வைத்தார்கள். இரண்டு அணு ஆர்பிட்டால்கள் கலந்தால், ஆற்றல் குறைந்த பிணைப்பு ஆர்பிட்டால் ஒன்றும், ஆற்றல் கூடிய எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் ஒன்றும் கிடைக்கும். முதலாவதில் இருக்கும் எலக்ட்ரான் அணுக்களைக் கட்டிவைக்கும். இரண்டாவதில் இருப்பது கட்டைத் தளர்த்தும். முதலாவதில் உள்ள எண்ணிக்கையிலிருந்து இரண்டாவதில் உள்ளதைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் பிணைப்புத் தரம்.

1929இல் லெனார்ட்-ஜோன்ஸ் ஆக்சிஜனை இப்படி ஆராய்ந்தார். 16 எலக்ட்ரான்களைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால், கடைசி இரண்டுக்கும் ஒரே ஆற்றலுள்ள இரு எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்கள் காத்திருக்கின்றன. ஹுண்டின் விதிப்படி ஆளுக்கொன்றில் தனித்தனியே உட்காரும். சோடியில்லாத அந்த இரண்டும்தான் காந்தத்திடம் இழுபட்டவை. பிணைப்புத் தரமோ, 10இல் 6 போக மீதி 4, அதில் பாதி 2. லூயிஸின் இரட்டைப் பிணைப்பும் கெடவில்லை! இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு இதே கணக்கில் சுழியம் வருகிறது. அதனால்தான் அது ஒற்றை அணுவாகவே திரிகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் பிணைப்பு இறுகுகிறது: தரம் 2.5, நீளம் 121 பிகோமீட்டரிலிருந்து 112. நைட்ரஜனில் பிடுங்கினால் தளர்கிறது. போவது எதிர்ப்பிணைப்பு எலக்ட்ரானா, பிணைப்பு எலக்ட்ரானா என்பதில்தான் விஷயம். தளர்த்தும் எலக்ட்ரான் என்பதால், தனி ஆக்சிஜன் அணுவைவிட மூலக்கூறு அதை எளிதாகவே விட்டுவிடுகிறது.

கனடாவில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட்டின் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு அந்த எலக்ட்ரானைத்தான் பிடுங்கியது. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல் செனானுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது அவர் கண்ணில் பட்டது. 1962 மார்ச்சில் செனானோடு அந்த ஹெக்சாஃபுளோரைடைச் சேர்த்துப் பார்த்தார். எதனோடும் சேராது என்று பாடநூல்கள் அடித்துச் சொன்ன மந்த வாயு, மஞ்சள் நிறத் திண்மமாக அவர் குடுவையில் படிந்தது.