நூற்றாண்டு விழாவின் வரவும் செலவும்

(விழா நிறைவின் பின் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிதிக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கணக்கறிக்கை வாசிக்கத் தொடங்கியதும் பாதிப்பேர் தேநீர் தேடி எழுந்து போவது எமது சங்கத்தின் பழைய வழக்கம். இன்று மட்டும் சற்றுப் பொறுத்திருங்கள். இந்த விழாவின் கணக்கை நாங்கள் மூன்று தடவை எழுதினோம். ஏன் எழுதினோம் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

முதலாவது திட்டத்தை 2021 நவம்பரில் எழுதினோம். 800 பேர், தலைக்கு 400 ரூபாவில் மதியபோசனம், பந்தல், ஒலிபெருக்கி, மலர் 500 பிரதி, பொன்னாடைகள், எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதம். எல்லாம் சேர்த்து 18 இலட்சம். நுழைவுச்சீட்டு 1,000 ரூபா. நல்ல திட்டம் என்று எம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் வரை 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. அச்சகத்தார் முன்பெல்லாம் ஒரு மாதத்துக்குச் செல்லுபடியாகும் கூறுவிலை தருவார்கள். அது ஏழு நாளாகி, பின்னர் “இன்றைக்கு மட்டும்” என்றாயிற்று. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பாடசாலையும் மூடப்பட்டது. ஜூனில் நடக்கவிருந்த விழாவைச் செப்டெம்பருக்குத் தள்ளினோம். பந்தலுக்கென்று சனவரியிலேயே முற்பணமாகக் கொடுத்த 75,000 ரூபா திரும்பி வரவில்லை. திகதி மாறினால் முற்பணம் என்னாகும் என்று எழுத்தில் வாங்காதது எமது தவறு. கணக்கில் அதை ‘இழப்பு’ என்றே எழுதியிருக்கிறோம், வேறு தலைப்பில் ஒளிக்கவில்லை.

ஜூலையில் இரண்டாவது திட்டம் எழுதினோம். அதே விழாவுக்கு இப்போது 31 இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. நுழைவுச்சீட்டை 2,500 ரூபாவாக்கினால் ஈடுகட்டலாம். கூட்டிப் பார்த்தோம், சதம் பிசகாமல் வந்தது. செயற்குழுவும் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அந்தக் கிழமையே எழுபதுகளில் இங்கு படித்த அக்கா ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்தார். “பிள்ளையள், காலமைப் பிரார்த்தனைக்கு மட்டும் வந்திட்டுப் போனால் ரிக்கற் எடுக்கவேணுமே?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. பாண் வாங்கவே யோசித்த காலம் அது. எங்கள் தாளில் எல்லா வரியும் சரியாக இருந்தது. ஆனால் நூறு வருடத்துப் பள்ளிக்கூடத்தின் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டு நேரத்துக்கு முன் எழுந்து போவதற்கும் அந்தத் தாளே வழி செய்திருந்தது.

வசதி குறைந்தோருக்குச் சலுகைச் சீட்டு கொடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பட்டியலை எழுதுவது யார்? யாரிடம் போய், “அக்கா, உங்கள் பெயரையும் போடட்டுமா?” என்று கேட்பது? இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. குரலும் உயர்ந்தது, மறைப்பதற்கில்லை. முடிவில் நுழைவுச்சீட்டு என்ற வரியையே வெட்டினோம்.

அந்த வரி போனதும் மற்ற வரிகளும் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. மூன்றாவது திட்டத்தில் பந்தல் இல்லை, எமது பிரார்த்தனை மண்டபமும் வேப்பமர நிழலும் போதும். பொன்னாடை இல்லை. அழைப்பிதழ் வட்ஸ்அப்பில் போயிற்று, கைபேசி இல்லாத மூத்தவர்களுக்கு மட்டும் அஞ்சலில். மலர் 300 பிரதி, அதுவும் கடதாசி கிடைத்த பின். முதல் திட்டத்தில் இல்லாத ஒரு செலவும் புதிதாக ஏறியது: முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாட்களில் தூரத்துச் சகோதரிகள் எப்படி வருவார்கள்? இரண்டு பேருந்துகள் பிடித்தோம். சாப்பாட்டைப் பாடசாலை வளவிலேயே விறகடுப்பில் சமைப்பித்தோம். தலைக்கு 420 ரூபாவில் முடிந்தது.

வாசலில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான வெற்று உறை கொடுத்தோம். பெயர் எழுத இடமில்லை. பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது, போடுகிறவர் போடலாம், போடாதவர் போடாமலே வரலாம். மாலையில் மூவர் கூடி எண்ணினோம். 11,46,350 ரூபா. இரண்டாவது திட்டம் எதிர்பார்த்த 20 இலட்சத்துக்கு இது எவ்வளவோ குறைவு. ஆனால் எங்களில் பலர் மூன்று இலட்சமும் தேறாது என்றே பயந்திருந்தோம்.

சீட்டில்லாத விழாவுக்குத் தலைக்கணக்கும் இல்லை என்பதை அன்றுதான் அனுபவத்தில் கண்டோம். பெயர் பதிந்தோர் 640 பேர். 850 பேருக்குச் சமைத்தோம். வந்தோர் 900 ஐத் தாண்டினர்! நிதிக்குழு அன்று பாணும் சம்பலும் சாப்பிட்டது. பரிமாற ஆள் போதாதபோது, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பருப்பு வாளியைத் தூக்கியவர் அந்தச் சைக்கிள் அக்காதான்.

வெளிநாட்டுச் சகோதரிகளின் உதவி பற்றியும் ஒரு வார்த்தை. இலண்டனிலிருந்து ஒரு வகுப்பினர் சனவரியில் அனுப்பிய 1,000 பவுண் இங்கே 2,71,000 ரூபாவாயிற்று. மே மாதத்தில் இன்னொரு வகுப்பினர் அனுப்பிய அதே 1,000 பவுண் 4,48,000 ரூபாவாயிற்று. முந்திக் கொடுத்தவர் குறையக் கொடுத்தவராகத் தெரிவது நியாயமா? இதனால் மலரின் நன்றிப் பக்கத்தில் தொகை போடாமல், அகரவரிசையில் பெயர் மட்டும் போடுகிறோம். இதில் மனத்தாங்கல் உள்ளோர் எம்மிடம் நேரே சொல்லலாம்.

மொத்த வரவு 18,65,350 ரூபா. மலர் அச்சுக்கான முற்பணத்தோடு செலவு 17,26,580 ரூபா. மீதி 1,38,770 ரூபா சங்கத்தின் வங்கிக் கணக்கில் உள்ளது. மலர் விளம்பரங்களின் கணக்குத் தனியேடு, அச்சு முடிந்ததும் சமர்ப்பிப்போம். பற்றுச்சீட்டுகள் எல்லாம் அதோ அந்த மேசையில் கோவையாக இருக்கின்றன. விறகுக்காரர் கொப்பித் தாளில் எழுதித் தந்த துண்டும் அதற்குள் இருக்கிறது. புரட்டிப் பார்த்துக் கேளுங்கள். தேநீரும் இப்போது வந்துவிட்டது.