காயமுற்ற ஆமையும் இல்லறத்தார் கடமையும்



இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களுள் இருபதாமவராகிய முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை. அவருடைய திருவுருவப் பீடத்தில் பொறித்த அவ்வடிவைக் கண்டு வணங்கும் குடும்பங்கள் சிலவற்றில், அதே உயிர் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்கப்படுகிறது. தொட்டியினின்று வெளியே உலவவிட்ட ஆமை சில வேளைகளில் மாடியிலிருந்து விழுகிறது, வாயிற்கதவில் நசுங்குகிறது, நாயின் வாயில் அகப்படுகிறது. அவ்வேளையில் இல்லத்தார் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இவ்வுரையின் பொருள். இரக்கம் எல்லார்க்கும் இயல்பாக எழுகிறது. ஆயினும், வழியறியாத இரக்கம் அவ்வுயிரின் துன்பத்தை மிகுவிப்பதும் உண்டு.

ஓடும் உடலே

ஆமையின் ஓட்டைப் பலரும் அது அணிந்துள்ள கவசம் என்றே எண்ணுகின்றனர். அது கழற்றி மாட்டும் கவசமன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாய் இணைந்து அமைந்ததே மேலோடு. அதன்மேல் நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள் போர்த்தியுள்ளன. அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. அதில் குருதி ஓடுகிறது, நரம்புகள் உள்ளன. ஆகவே ஓடு பிளந்த ஆமை எலும்பு முறிந்த மனிதனைப் போலவே வலியுறுகிறது. கத்தி அழும் வழக்கம் அதற்கு இல்லாமையால் அவ்வலி பிறர் செவியில் விழுவதில்லை, அவ்வளவே.

மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே நுரையீரல் அமைந்துள்ளது. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்தடுப்பு மனிதர்க்கு இருப்பது போல ஆமைக்கு இல்லை. எனவே மேலோட்டில் விழுந்த பிளவு ஆழமானால் நுரையீரலையே தொட்டுவிடக்கூடும். நடுமுதுகில் அடிபட்டால் தண்டுவடம் சிதைந்து பின்னங்கால்கள் செயலிழக்கவும் கூடும். கீறல் சிறிதாகத் தோன்றினும் மருத்துவர் காண வேண்டும் என்பதற்கு இவையே காரணம்.

முதல் ஒரு மணி நேரம்

முதற்கண் ஆமையை இரு கைகளாலும் ஓட்டின் இருபக்கமும் தாங்கி, மல்லாக்காமல், மெல்ல எடுத்தல் வேண்டும். மல்லாந்து கிடந்தால் உள்ளுறுப்புகளின் பாரம் நுரையீரலை அழுத்தும். வலியால் அது கடிக்கக்கூடுமாதலால் தலைப்பக்கம் விரலைக் கொண்டுசெல்லலாகாது.

குருதி வழியுமாயின் தூய துணியை அவ்விடத்தில் வைத்துச் சில நிமிடங்கள் சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். குருதி நின்றபின், மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் மண்ணையும் தூசியையும் மெதுவாகக் கழுவலாம். அது கிட்டாவிடின், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். மேலோட்டமான காயத்திற்கு, பொவிடோன் அயோடின் மருந்தை இளந்தேநீர் நிறம் வருமளவு நீர்த்துத் தடவலாம். பிளவின் வழியே உள்ளுறுப்பு தெரிந்தாலோ, மூச்சுவிடும்போது அங்கே குமிழி எழுந்தாலோ எந்த நீரையும் ஊற்றலாகாது. சலைனில் நனைத்த தூய காஸ் துணியால் மூடி, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். உடைந்த துண்டு ஏதேனும் உதிர்ந்திருப்பின் அதையும் ஈரத்துணியில் சுற்றி உடன் கொண்டுசெல்லுதல் நலம்.

பின்னர், காற்றுத்துளையுள்ள அட்டைப்பெட்டியில் தூய துணி விரித்து ஆமையை அதில் வைக்க வேண்டும். நீர்வாழ் ஆமையாயினும் அன்று அதனைத் தொட்டியில் விடலாகாது. தளர்ந்த ஆமை நீரில் மூழ்கி இறக்கும். தொட்டிநீரின் கிருமிகள் புண்ணிலும் புகும். குளிர்சாதன அறையைத் தவிர்த்து, அமைதியான இடத்தில் பெட்டியை வைத்தல் வேண்டும்.

பெட்டியின்மேல் கொசுவலை போர்த்துவது இன்றியமையாதது. திறந்த புண்ணில் ஈக்கள் முட்டையிட்டால் புழுக்கள் தோன்றி உயிருள்ள தசையை உண்ணும். பின்னர் ஆமையைக் காக்கும்பொருட்டுப் புழுக்களை அகற்றும் நிலை நேரும். ஒரு முழ வலைத்துணியை முன்னரே போர்த்தினால் ஆமையும் துன்புறாது. அப்புழுக்களும் பிறந்து மடியா. வருமுன் காக்கும் விழிப்பே அகிம்சையின் முதற்படி என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

நல்லெண்ணத்தால் நேரும் பிழைகள்

பிளந்த ஓட்டைப் பசையாலோ எம்-சீல் போன்ற பூச்சாலோ ஒட்டிவிடுவது பல இல்லங்களில் நேரும் பிழை. மேலே மூடிவிட்டால் உள்ளே தங்கிய கிருமி வெளியேற வழியின்றிப் பெருகும். புறத்தே ஓடு கூடியதுபோல் தோன்ற, அகத்தே சீழ் பரவும். சுண்ணாம்பு, சாம்பல், எண்ணெய் ஆகியவற்றை அப்புவதும் தகாது. மருத்துவர் அவற்றைச் சுரண்டி எடுக்க நேர்கையில் ஆமைக்கு வலி இருமடங்காகும்.

மனிதர் உண்ணும் வலிமாத்திரைகளைக் கொடுத்தலாகாது. நாய்க்கும் மாட்டுக்கும் ஒட்டுண்ணி நீக்கத் தரப்படும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து ஆமைகளைக் கொன்றுவிடும். பால் புகட்டுவதும், வாயைத் திறந்து உணவைத் திணிப்பதும் வேண்டா. ஆமை சில நாள் உண்ணாதிருந்தும் உயிர் தாங்கும் இயல்புடையது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அசையாமல் கிடக்கும் ஆமையை இறந்ததென்று விரைந்து முடிவுசெய்தலாகாது. அதன் மூச்சு மிக மெதுவானது; உடல் குளிர்ந்திருப்பின் இன்னும் மெதுவாகும். இறந்ததென்று எண்ணிப் புதைப்பதற்குமுன் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுதல் கடமை.

மருத்துவரும் இல்லமும்

சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அருகில் உள்ள மருத்துவர் ஆமை மருத்துவத்தில் பழகாதவராயின் இத்தகைய பெரிய மருத்துவமனையைக் காட்டி அனுப்புவார். எக்ஸ்ரே படம் எடுத்து முறிவின் ஆழத்தைக் கண்டு, தேவையெனின் கம்பியாலோ தகட்டாலோ ஓட்டைச் சேர்த்துக்கட்டி, கிருமிக்கொல்லி ஊசி இடுவது மருத்துவரின் பணி. அதற்குப் பின்வரும் நெடிய பணி இல்லத்தாருடையது.

ஆமையின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தைச் சார்ந்தது. அதன் உயிர்ச்செயல்கள் யாவும் மெதுவானவை. ஆகவே ஓடு கூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். பெருங்காயமாயின் ஓராண்டும் கடக்கலாம். அக்காலத்தில் புண் உலரும்வரை பெரும்பொழுது நீருக்கு வெளியே வைத்தல் வேண்டும். நீர்வாழ் ஆமைகள் பெரும்பாலும் நீரில் இருந்தே இரையை விழுங்கும். எனவே மருத்துவர் இசைந்தபின் நாள்தோறும் சிறிது நேரம், காயத்தைத் தொடாத ஆழமற்ற நீரில் விட்டு உணவளித்து, பின்னர் ஈரத்தை ஒற்றி எடுத்து மீண்டும் பெட்டியில் சேர்க்கலாம். மூக்கில் குமிழி எழுதல், வாய்திறந்து மூச்சுவிடல், புண்ணில் தீநாற்றம் ஆகியவை தோன்றின் காலம் தாழ்த்தலாகாது. ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் இயல்பாதலால், தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதலும், சமையலறைத் தொட்டியில் அதனைக் கழுவாதிருத்தலும் இல்லத்தாரின் நலத்திற்கு உரியவை.

ஐந்து அதிசாரங்கள்

காயத்திற்கு மருந்திடுவதோடு கடமை முடிவதில்லை. காயம் நேர்ந்த காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், மிகுபாரம் ஏற்றுதல், உணவைத் தடுத்தல் என்பன அவை. ஆமை வளர்க்கும் இல்லத்தில் இவ்வைந்தும் அறியாமலே நிகழக்கூடும்.

கயிறு கட்டும்பொருட்டு ஓட்டில் துளையிடுவது உறுப்பறுத்தலே. அது உயிருள்ள எலும்பைத் துளைப்பதாகும். திரும்ப இடமில்லாத தொட்டியில் அடைப்பது கட்டிவைத்தல். அழுக்கு நீரில் விட்டுவைப்பதும், விளையாட்டுப்பொருளாகக் கைக்குக் கை எறிவதும் வருத்துதல். குழந்தையை அதன்மேல் ஏற்றி நிறுத்துவது மிகுபாரம். ஐந்தாவதே பலருக்கும் புலப்படாதது. சுண்ணச்சத்தும் நேரான சூரிய ஒளியும் கிட்டாத ஆமையின் ஓடு மென்மையாகும். அத்தகைய ஓடு சிறு அடிக்கும் தாங்காது. சன்னற்கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. வேண்டிய புறஊதாக் கதிரை அக்கண்ணாடி தடுத்துவிடுகிறது.

கடைகளில் ரெட் இயர்டு ஸ்லைடர் என்னும் பெயரில் விற்கப்படும், கண்ணுக்குப் பின்னே செங்கோடுடைய ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. இலைதழைகளோடு மீனும் புழுவும் அதற்கு இயற்கை உணவு. இளமையில் ஊனுணவே மிகுதியும் வேண்டும். புலால் மறுத்த இல்லம் அவ்வுயிரை விலைகொடுத்துக் கொண்டுவரும்போது, ஊன் கொடுப்பதா, அதன் உணவைத் தடுப்பதா என்னும் இக்கட்டைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. வாங்காதிருப்பதே அவ்விக்கட்டுக்குத் தீர்வு. முன்னரே இல்லத்தில் உள்ளதாயின், இருபது முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய அவ்வுயிரை இறுதிவரை முறையாகப் பேணுதல் கடமை. புண்ணியம் கருதிக் கோயிற்குளத்தில் விடுவது தீங்காகும். அங்குள்ள இந்நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். நட்சத்திர ஆமை முதலிய இந்நாட்டு ஆமைகளோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. வீட்டில் வளர்த்தல் குற்றம். வழியில் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் முதலுதவி செய்து வனத்துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

காஸ் துணி, சலைன் நீர், சிறு வலைத்துணி, ஆமை மருத்துவம் அறிந்தவரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் ஆமை வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்தாரும் இன்றே ஆயத்தம் செய்துகொள்ளலாம். மாடிச்சுவரின் இடைவெளியையும் இன்றே அடைத்துவிடலாம். குரலற்ற உயிரின் வலியை உணர்ந்து, உரிய அறிவோடும் பொறுமையோடும் அதனைப் போக்குவதே ஜீவதயை.

அறம் வளர்க, உயிர்கள் நலம் பெறுக.