மாந்தையிலிருந்து மடு வரை

திருக்கேதீஸ்வரம் கோயிலுக்கு அருகிலுள்ள ஊர் மாந்தை. மடு மாதாவின் கதை தொடங்குவது இங்கேதான்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது, குருமார் வெளியேற்றப்பட்டார்கள். 1670இல் மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே புறப்பட்டதாக மரபு சொல்கிறது. அந்தக் குடும்பங்கள் சென்ற வழியின் முடிவில்தான் இன்றைய மடுத் திருத்தலம் இருக்கிறது.

பிச்சைக்காரர் வேடத்தில் ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தபோது, விசுவாசம் அணையாமல் இருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவில்லாத காலம் அது. தாயும் தகப்பனும் வீட்டில் செபம் சொல்ல, பிள்ளைகள் கூடவே சொல்லிக் கற்றார்கள்.

இன்று தடையில்லை. ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக மடுவுக்குப் போய், கூடாரமடித்துத் தங்குகிறோம். குடும்பமாகச் சேர்ந்து வழிபடும் அந்தப் பழக்கம் ஞாயிறுதோறும் தொடரவேண்டும்.

பிள்ளையை மறைக்கல்விக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் பெற்றோர் வீட்டில் இருந்தால், பெரியவர்களுக்கு இது தேவையில்லை என்றே அது எண்ணும். அப்பா முழந்தாளிடுவதையும் அம்மம்மா செபமாலை உருட்டுவதையும் பக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியுமுன்பே செபிக்கப் பழகிவிடும்.

வரும் ஞாயிறு எல்லோருமாகப் பூசைக்குப் போங்கள். திரும்பும் வழியில், அன்றைய நற்செய்தியில் என்ன கேட்டாய் என்று பிள்ளையிடம் விசாரியுங்கள்.