கீச்சிட்ட லொறி



இரட்டைக்கிளவி என்றால் பாடசாலையில் எங்களுக்கு இரண்டு புள்ளிக்குரிய வினா. பிரித்தால் பொருள் தராது என்று எழுதிவிட்டால் முடிந்தது. தொல்காப்பியர் அதற்குச் சொல்லதிகாரத்தில் இடங்கொடுத்தது ஏன் என்று எனக்கு விளங்கவைத்தவர், கம்பளையில் கராஜ் வைத்திருந்த ஒரு நானா.

1992ஆம் ஆண்டு. அப்பாவிடம் 1960களில் வந்த பெட்போர்ட் லொறி ஒன்றிருந்தது. கந்தப்பளையில் கோவாவும் லீக்சும் ஏற்றி, இறம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கிக் கொழும்புக்குப் போவோம். அந்த லொறியில் ஒரு சத்தம். எனக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. "பழைய லொறி முனகாமல் ஓடுமா?" என்பார். நான் விடவில்லை. பக்கப் பலகைகளுக்குச் சாக்குத் துண்டு சொருகினேன். வில்லுத் தகடுகளுக்கு எண்ணெய் விட்டேன். சத்தம் போகவில்லை.

"எப்படிக் கத்துது தம்பி?" என்றார் நானா.

"கிறீச் கிறீச்."

"கிறீச்சா, கீச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். "கீச் கீச் கீச்... குருவிக்குஞ்சு மாதிரி."

"சில்லு ஒருக்காச் சுத்த எத்தனை தரம்?"

ஒன்றல்ல, பல தரம்.

நானா ஏறிக்கொண்டார். சமதரையில் ஓட்டி நியூட்ரலில் விடச் சொன்னார். இயந்திரம் அடங்கிற்று, கீச்சு அடங்கவில்லை. வண்டியின் வேகம் குறையத்தான் அதுவும் குறைந்தது. ஆக, இயந்திரத்தில் இல்லை. சில்லைவிட விரைவாகச் சுழல்வது, கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு.

கீழே படுத்துப் பார்த்தோம். தண்டின் மூட்டிலே, சிலுவையின் கிண்ண விளிம்பில் செம்பொடி கசிந்திருந்தது. உள்ளேயிருக்கும் ஊசி உருளைகள் கிறீஸ் காணாமல் துருவேறி அரைபட்ட தூள். கிறீஸ் அடிப்பது என் வேலை.

"இறக்கத்தில இது கழண்டா இயந்திரம் வண்டியைப் பிடிக்காது. பிரேக் மட்டுந்தான்" என்றார் நானா. மேலே அடுக்கியிருந்த கோவா மூட்டைகளை நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சில்லுகளுக்குக் கல் வைத்தார். மாற்றிப் பூட்டினால் அதிரும் என்று, தண்டில் உளியால் ஓர் அடையாளம் கீறினார். கிண்ணங்களைத் தட்டியெடுத்துப் புதுச் சிலுவை பூட்ட இரண்டு மணித்தியாலம் சென்றது.

"அண்ணன், உங்களுக்கு இது கேக்கல்லியா?" என்று இடையில் மெதுவாகக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பழைய சிலுவையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 30 வருடம் லொறிகளின் இரைச்சலுக்குள் இருந்தவர். அப்படிக் கிடந்த காது முதலில் இழப்பது மெல்லிய உச்சத் தொனிகளையே என்று வெகுகாலம் கழித்து ஒரு வைத்தியர் எனக்குச் சொன்னார்.

அடுத்த பயணத்தில், இறம்பொடை வளைவில், பாதையிலிருந்து கண்ணெடுக்காமல் அப்பா கேட்டார்: "இப்ப கத்துதா?"

"இல்லை அப்பா."

கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் கேட்டார்.