இடையன்குடி இல்லமும் பள்ளிக் கல்விச் சுற்றுலாவும்

மிஷனரியும் மொழியறிஞருமான ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த வீடு திசையன்விளைக்கு அருகே, செம்மண்ணும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் இருக்கிறது. தமிழக அரசு அதை நினைவு இல்லமாகப் பேணி வருகிறது. பிரிட்டிஷ் அரசி விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். மறு ஆண்டே கால்டுவெல் சென்னைக்கு வந்தார். 1841இல் நாட்டின் பல பகுதிகளைக் கால்நடையாகவே கடந்து இடையன்குடியை அடைந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி இவ்வூரில்தான் கழிந்தது. 1891இல் கொடைக்கானலில் காலமான அவரது உடல், அவர் கட்டிய இடையன்குடித் திருத்துவ ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. விக்டோரியா காலத்து வாழ்க்கையை நெல்லைப் பிள்ளைகள் நேரில் அறிய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. 1872இலும் எட்டயபுரத்தில் பாரதி 1882இலும் பிறந்த வீடுகளும் அதே காலத்தவையே. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. உதவி ஆயராக இருந்த ஐரோப்பியரின் வீட்டையும் எட்டயபுரத்துத் தெருவீட்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவனுக்கு, ஒரே அரசாட்சியின்கீழ் எத்தனை விதமான வாழ்க்கை நடந்தது என்பது தானாகவே விளங்கும்.

லண்டனில் கார்லைல் வாழ்ந்த வீடு 1895இலும், டிக்கன்ஸ் வாழ்ந்த வீடு 1925இலும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. இத்தகைய இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகளை அடுப்படிக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் அழைத்துப்போவார்கள். வேலைக்காரர்களின் நாளை நடித்துக் காட்டச் சொல்வார்கள். இங்கே வழக்கம் வேறு. திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி என்று ஓடும் பேருந்து, வழியில் கால் மணி நேரம் நினைவு இல்லத்தில் நிற்கும். சிலை முன் ஒரு படம், வரிசையாக ஒரு சுற்று, அவ்வளவுதான். இதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்ல முடியாது.

இடையன்குடியில் மாணவர் செய்யக்கூடியது ஏராளம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் லண்டனில் அச்சானது. அதற்கான அடிப்படையை மாணவர் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் நான்கு கட்டம் கீறி, தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு என்று எழுதட்டும். அடுத்து நான்கு, ஐந்து என்று தொடரட்டும். எண்ணுப்பெயர்களை இப்படி அடுக்கி ஒப்பிடுவது அந்நூலின் முக்கியமான பகுதிகளுள் ஒன்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் செய்தி அப்போதுதான் ஓர் ஆராய்ச்சி முறையாகப் புலப்படும்.

வீடு ஒருவருடையது மட்டுமன்று. நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை 1844இல் கால்டுவெல் மணந்தார். எலைசா இளமையிலேயே தமிழ் அறிந்தவர். பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். ரேந்தை பின்னத் தெரிந்த மூதாட்டி ஒருவரை மாணவியர் முன் உட்காரவைத்தால், எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாத வரலாறு கிடைக்கும். கிணற்றில் நீர் இறைத்தவர், பனையேறியவர், ஆலயத்துக்குக் கல் சுமந்தவர் யார் என்றும் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அச்சமூகத்தாரை ஆழமாகப் புண்படுத்தியது. பின்னர் கடும் எதிர்ப்பும் எழுந்தது. மொழியாய்வில் பெரும் பங்களித்தவரே தாம் பணியாற்றிய மக்களைத் தவறாக எழுதினார் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரால் தாங்கிக்கொள்ள முடியும். அதை ஒளித்துவைக்கும் ஆசிரியர்தான் வரலாற்றுப் பாடத்தைக் கெடுக்கிறார்.

பயணம் இடையன்குடியோடு முடியத் தேவையில்லை. தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய கொற்கையிலும் காயலிலும் கால்டுவெல் அகழ்ந்து பார்த்தார். ஆற்று வண்டலால் கடல் பின்வாங்க, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு இடம் மாறியதை விளக்கினார். 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றையும் எழுதினார். கடலிலிருந்து இன்று பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கொற்கையில் நின்றால் அந்த விளக்கத்தைக் கண்ணால் சரிபார்க்கலாம்.

இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து ஊர் என்ற கணக்கைக் கைவிட்டு, ஒரு வீட்டுக்கு முழு நாள் ஒதுக்குங்கள். புறப்படும் முன் வகுப்பில் இரண்டு பாடவேளை ஆயத்தம் செய்யுங்கள் என்று நெல்லை மாவட்டத்துத் தலைமையாசிரியர்களை இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது.